செத்தவர்கள் பாலத்தைக் கடந்த நாள்

இஸ்மானியால் ஓரிடத்தில் உட்கார முடியாது. ஹெய்ட்டியில் ஆன்ஸ்-மபியால் ஊரில் பஸ் நிற்கும் முனையில் அவளுடைய வாணலி இருந்தது. வாழைக்காயை ஒரு தடவை பொரித்து, தட்டையாக அழுத்தி, மறுபடி பொரிப்பாள். பன்றி இறைச்சித் துண்டுகளைப் புரட்டுவாள். இடையில் ஓடிப்போய்ப் பக்கத்துக் கடைக்காரியிடம் ஒரு வார்த்தை, திரும்பி வந்து பஸ் கண்டக்டரிடம் ஒரு வசவு. மாதா கோயிலிலும் பின்னால் கதவோரம் நின்றுதான் பூசை பார்ப்பாள். அவளுக்கு நாற்காலி போடுவது வீண் என்று ஊருக்கே தெரியும்.

பன்னிரண்டு வயதில் பிடித்த பழக்கம் அது என்பார்கள். பெரிய தோட்டத்தில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த அவள் அப்பா ஒரு நாள் காலையில் வேலைக்குப் போனார், மாலையில் பிணமாக வந்தார். நோய்நொடி இல்லாமல் செத்தவனைப் பற்றி எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு பயம்தான். செத்தவன் எழுந்து வந்து நம்மைக் கடிப்பான் என்றல்ல. யாரோ மந்திரக்காரன் குழியைத் தோண்டி, அவனைப் பேர் சொல்லி எழுப்பி, ஜோம்பியாக்கி, மறுபடி கரும்பு வெட்ட ஓட்டிக்கொண்டு போய்விடுவான் என்பதுதான். உயிரோடு இருந்தபோது பட்டது போதாதென்று செத்த பிறகும் கூலியில்லா வேலை. அதனால் அம்மா சவப்பெட்டிக்குள் எள்ளை அள்ளிக் கொட்டினாள், காதில்லாத ஊசி ஒன்றும் நூலும் வைத்தாள். கூப்பிட்டால் காதில் விழாதபடி அவர் எள்ளை எண்ணிக்கொண்டும் ஊசியைக் கோத்துக்கொண்டும் இருக்கட்டும் என்று. அதோடு நிற்காமல், உடம்பு மக்கும்வரை வெட்டுக்கத்தியோடு குழிமேட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வயதுத் தம்பி ஃபெனெலோனை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கும் கல்லறைக்குமாக நடந்தது இஸ்மானிதான். அந்த நடை நிற்கவே இல்லை.

பிறகு அம்மா வீட்டுவேலைக்கென்று எல்லை தாண்டி தொமினிக்கன் பக்கம் போனாள். முதலில் சேதி வந்தது, அப்புறம் அதுவும் நின்றது. தம்பியை வளர்த்து, படிக்கவைத்து, ஆளாக்கியது எல்லாம் அந்த வாணலிதான். அவன் மாதா கோயிலில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியாரானான். முப்பது வயது. ஒல்லி. வாய் நீளம்.

சர்வாதிகாரி குடும்பத்தோடு விமானம் ஏறி ஓடிப்போய் ஒரு வருஷம் கழிந்து அடுத்த வருஷமும் முடியப்போன நேரம் அது. ஆட்சி ராணுவத்தின் கையில். நவம்பரில் தேர்தல் என்றார்கள். ஃபெனெலோன் சுவரில் போஸ்டர் ஒட்டினான், கூட்டம் கூட்டினான், வீட்டில் சாப்பிடுவதே இல்லை. ரோட்டில் டயர் எரியாத வாரம் இல்லை. பஸ் வரவில்லை. பஸ் வராத ஊரில் பொரித்த வாழைக்காயை யார் தின்பது? இஸ்மானியின் வாணலி ஆறிக் கிடந்தது. எண்ணெயை வடிகட்டுவாள், மறுபடி வடிகட்டுவாள், வாசலுக்கும் அடுப்புக்கும் நடப்பாள். தூரத்தில் எது வெடித்தாலும் தம்பியின் பேரைச் சொல்லிக்கொண்டு தெருவுக்கு ஓடுவாள்.

அந்த நேரத்தில்தான் காஸ்னேர் ஐயா, எங்கள் பேச்சில் மிஸ்யே காஸ்னேர், படம் எடுக்க வந்தார். அதே ஊர்க்காரர்தான். அவருடைய அப்பா பழைய ஆட்சிக்குப் பயந்து ஓடியபோது குழந்தையாகக் கனடாவின் மொன்ரியாலுக்குப் போனவர். கூடவே மார்த்தினீக் தீவைச் சேர்ந்த ஒரு கேமராக்காரர், ஒரு ஜெனரேட்டர், நாலு பெட்டி. பேய்ப்படம் என்றார். கதை இதுதான்: ஒரு பெரிய பண்ணையார் ஊரில் செத்தவர்களையெல்லாம் எழுப்பித் தன் சர்க்கரை ஆலையில் வேலை வாங்குகிறான். ஒரு நாள் அத்தனை செத்தவர்களும் வேலையைப் போட்டுவிட்டுத் தலைநகரத்தை நோக்கி நடக்க ஆரம்பிக்கிறார்கள். இதற்கு என்ன அர்த்தமென்று ஊரில் எல்லாருக்கும் புரிந்தது. ராணுவ கேப்டனுக்கு மட்டும் பேய்க்கதை என்று சொல்லியிருந்தார்கள். தன் ஜீப்பும் படத்தில் வரும் என்றதும் அவர் சந்தோஷமாக அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

ஜோம்பி வேஷத்துக்கு ஆள் எடுத்தபோது இஸ்மானி முதல் ஆளாகப் போய் நின்றாள். மதியச் சாப்பாடு உண்டு, நாள் முழுக்க நடக்கவும் வேண்டும். அவளுக்கு ஏற்ற வேலை. முதல் நாளே ஒரு தகராறு. படத்துக்குக் காசு போட்டவர்கள் ஜோம்பிகள் ஆட்களைக் கடிக்க வேண்டுமென்று மொன்ரியாலில் கேட்டிருக்கிறார்கள். சலவைக்காரி மதாம் ஒரெஸ்தில், பல்லில்லாத வாயோடு, நான் யாரையும் கடிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். காஸ்னேர் சிரித்துவிட்டு, தனக்கும் அது பிடிக்கவில்லை என்று அந்தக் காட்சியைக் கிழித்துப் போட்டார்.

ஃபெனெலோனுக்கு மட்டும் இது பொறுக்கவில்லை. அன்றைக்கு அபூர்வமாக வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவன் ஸ்பூனைக் கீழே வைத்தான்.

"ஏற்கெனவே உலகத்துல ஹெய்ட்டின்னாலே ஜோம்பின்னுதான் நினைக்கிறான். நீயும் மாவைப் பூசிக்கிட்டு ஆமான்னு தலையாட்டப் போறியாக்கா?"

"நான் மாவு பூசினா சாயங்காலம் கழுவிக்குவேன்டா. உன் மூஞ்சியில துப்பாக்கிக்காரன் பூசினா யாரு கழுவறது?"

"நாங்க தேர்தலுக்கு நிக்கிறோம். நீ பொணமா நடக்குற. எது பெருசு?"

"எது வீடு வந்து சேருதோ அது பெருசு. சாப்பிடு."

அவன் சாப்பிடாமல் எழுந்து போனான். அவள் அந்தத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் ரொம்ப நேரம் நின்றாள்.

படத்தில் செத்தவர்களை ஓட்டிச் செல்லும் கங்காணி வேஷம் மெஸிதோருக்கு. ஊர் நாவிதர், ஐம்பது வயது, ஆறடி உயரம், கல்லில் வெட்டிய முகம். காஸ்னேர் அந்த முகத்தைப் பார்த்ததும் மயங்கிவிட்டார். அந்த முகத்துக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது ஊருக்குப் பாதிதான் தெரியும். பழைய ஆட்சியில் நீலச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு ஆட்களைத் தூக்கிப்போன மக்கூத் படை இருந்ததே, அதன் உள்ளூர்த் தலைவனுக்கு வாராவாரம் வீட்டுக்கே போய்ச் சவரம் செய்தவர் மெஸிதோர். சவரம் மட்டும்தான் செய்தார் என்றது பாதி ஊர். சவரம் செய்தபடியே பேசினார், அந்தப் பேச்சில் அடிபட்ட பேர்கள்தான் காணாமல் போயின என்றது மீதி. அவரும் நீலச் சட்டை போட்டதைப் பார்த்ததாகச் சிலர் சொன்னார்கள். ஆட்சி கவிழ்ந்து ஜனங்கள் அந்தத் தலைவனின் வீட்டைப் பிடுங்கி எறிந்தபோது மெஸிதோர் ஜாக்மெல் பட்டணத்தில் உறவுக்காரர் வீட்டில் இருந்தார். திரும்பி வந்து கடையைத் திறந்தார். கொஞ்ச நாள் யாரும் போகவில்லை. அப்புறம் தலைமுடி வளர்ந்துவிட்டது, போனார்கள்.

அப்படிப்பட்டவர் சாட்டையோடு பின்னால் வர, இடுப்பில் ஒரே கயிற்றால் பிணைக்கப்பட்டு வரிசையாக நடப்பது யாருக்கும் சுகமாக இல்லை. காஸ்னேர் 'கட்' சொன்ன பிறகும் பலருக்குத் தோள் இறங்காது. மெஸிதோர் யாரோடும் பேசமாட்டார். தனியாக ஒரு கல்லில் உட்கார்ந்து தன் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுக் கறுப்புக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

தேர்தலுக்குக் கொஞ்ச நாளே இருந்தது. அன்று காலை பழைய சர்க்கரை ஆலையில் படப்பிடிப்பு. முகத்துக்கு மரவள்ளி மாவு, மூக்கில் பஞ்சு, தாடையைச் சுற்றித் துணிக்கட்டு. எங்கள் ஊரில் பிணத்தை எப்படிப் பெட்டியில் வைப்போமோ அப்படியே. சந்தைப் பக்கமிருந்து முதலில் கூச்சல் கேட்டது. பிறகு துப்பாக்கி. ஒன்று இரண்டல்ல, சோளம் பொரிகிற மாதிரி. எல்லாரும் அப்படியே தரையில் படுத்தார்கள். இஸ்மானி மட்டும் படுக்கவில்லை. சந்தைப் பக்கம் ஓடப்போனவளைக் கயிறு இழுத்துக் கீழே தள்ளியது.

அவள் அதை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போதே கரும்புக்குள்ளிருந்து ஃபெனெலோன் வந்தான். இடது தோளில் குண்டு. சட்டை முழுக்க ரத்தம். ஆலைச் சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்தான். சந்தையில் சிப்பாய்கள் கூட்டத்தைச் சுட்டார்கள், இப்போது வாத்தியாரைத் தேடி வீடு வீடாகப் போகிறார்கள் என்று மட்டும் சொன்னான்.

கன்னியாஸ்திரீகளின் ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அந்தப் பக்கம். மழையில் ஆறு சிவந்து புரண்டு ஓடியது. இருப்பது ஒரே பாலம், அதில் ராணுவக் காவல். காஸ்னேர், எல்லாம் அடங்கட்டும், கேப்டனிடம் நான் பேசிப் பார்க்கிறேன் என்று ஏதேதோ சொன்னார். இஸ்மானி தம்பியின் தோளில் மூக்குப் பஞ்சையெல்லாம் சேர்த்து அழுத்திக்கொண்டே நிமிர்ந்தாள்.

"மிஸ்யே காஸ்னேர், பாலத்துல எடுக்கணும்னு சீட்டு வாங்கி வெச்சிருக்கீங்களே, அது எப்ப?"

"சாயங்காலம்."

"இப்பவே எடுங்க."

புரிந்துகொள்ள எல்லாருக்கும் ஒரு மூச்சு நேரம்தான் ஆனது. அப்புறம் எல்லாருடைய கண்ணும் ஒரே பக்கம் திரும்பியது. மெஸிதோர் தன் கல்லில் உட்கார்ந்திருந்தார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாலத்தில் கதை முடிந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சாட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வருகிறாரா, எதற்கு வருகிறார் என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

தாடைத் துணிகளைக் கிழித்துக் காயத்தை இறுக்கிக் கட்டினார்கள். மதாம் ஒரெஸ்தில் அவன் முகத்தில் மாவை அப்பினாள். பீட்ரூட்டும் சர்க்கரைப் பாகும் கலந்து வைத்திருந்த சினிமா ரத்தத்தை இஸ்மானி வாளியோடு தூக்கி வந்து, தன் மேலும் பக்கத்திலிருந்த எல்லார் மேலும் தோளோடு தோளாக ஊற்றினாள். வரிசையில் ரத்தம் இல்லாத ஆளே இருக்கக் கூடாது. பிறகு ஃபெனெலோனை நடுவில் நிறுத்தி, முன்னும் பின்னும் கனமான ஆட்களை வைத்துக் கயிற்றை இறுக்கினார்கள். அவன் விழுந்தாலும் கயிறு விழவிடாது. இஸ்மானி அவனுக்கு நேர் பின்னால் நின்றாள். கேமராக்காரர் முன்கூட்டியே ஆற்றங்கரைக்கு இறங்கிப்போய்க் கேமராவை நட்டுவிட்டார்.

ஜோம்பி வேகமாக நடக்காது. அதுதான் அவளை வதைத்தது. வாழ்நாள் முழுக்க ஓட்டமும் நடையுமாக இருந்தவள், தம்பியின் முதுகில் ஈரம் பரவுவதைப் பார்த்துக்கொண்டே, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, காலை இழுத்து இழுத்து வைக்க வேண்டியிருந்தது. சட்டையில் வழிவது பீட்ரூட்டா அவனுடையதா என்று வாசனையை வைத்துத்தான் தெரிந்தது.

பாலத்தில் ஒரு சார்ஜென்ட், சின்ன வயசுச் சிப்பாய்கள் சிலர். மலைக்கிராமத்துப் பிள்ளைகள். படம் என்று தெரிந்தும், வரிசை கிட்டே வந்ததும் கைப்பிடிச் சுவர்ப் பக்கம் ஒதுங்கிக்கொண்டார்கள். ஒருவன் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டான். காஸ்னேர் சீட்டை நீட்டினார். சார்ஜென்ட் அதைப் படித்தார், மடித்தார், வரிசையைப் பார்த்தார். அவருக்குச் சமாதானம் ஆகவில்லை. ஒவ்வொருவராகப் பேரைச் சொல்லச் சொன்னார்.

முன்னால் நின்ற மதாம் ஒரெஸ்தில் தலையைத் தூக்காமலே மூக்கால் பேசினாள். ஜோம்பி அப்படித்தான் பேசும்.

"செத்தவளுக்கு ஏதுங்கய்யா பேரு. அதைத்தான் எசமான் எடுத்துக்கிட்டாரே."

சிப்பாய்ப் பையன்கள் சிரித்தார்கள், சிரிப்பு நடுங்கியது. சார்ஜென்ட் சிரிக்கவில்லை. வரிசையோரமாக நடந்து வந்தார். ஒவ்வொரு முகத்தையும் குனிந்து பார்த்தார். அவர் பக்கத்தில் வரும்போதுதான் ஃபெனெலோனின் முழங்கால் மடிந்தது. கயிறு விறைத்து இஸ்மானியின் இடுப்பை அறுத்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தாள்.

"இவனுக்கு என்ன?" என்றார் சார்ஜென்ட்.

சாட்டை விழுந்தது. அது சினிமா அடி இல்லை. அத்தனை நாள் படப்பிடிப்பில் தரையில்தான் விழுந்த சாட்டை, ஃபெனெலோனின் முதுகைக் குறுக்காகக் கிழித்தது. இஸ்மானியின் கன்னத்தில் அதன் காற்று பட்டது. அவன் கத்தவில்லை. ஒரு துடி துடித்து நேராக நிமிர்ந்தான்.

"சோம்பேறிப் பொணம் சார்," என்றார் மெஸிதோர். "செத்தும் வேலைக்கு வணங்கமாட்டேங்குது."

இந்த முறை சார்ஜென்ட்டும் சிரித்தார். சீட்டைத் திருப்பிக் கொடுத்துக் கையை அசைத்தார். செத்தவர்கள் பாலத்தைக் கடந்தார்கள். ரோடு வளைந்து மரங்கள் மறைக்கும்வரை ஒருவரும் தலை தூக்கவில்லை. அதற்கப்புறம் கயிற்றை வெட்டிவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், எல்லாருக்கும் முன்னால் இஸ்மானி.

குண்டை எடுத்தார்கள், உயிர் தங்கியது. இடது கை மட்டும் தோளுக்கு மேல் எழவில்லை. அங்கிருந்தே அவனை ஒளித்துவைக்க மலைக்கு ஏற்றினார்கள். தேர்தல் நாளில் ஓட்டுப்போட வரிசையில் நின்றவர்கள்மேல் ஆயுதக்காரர்கள் பாய்ந்தார்கள். ஃபெனெலோனோடு போஸ்டர் ஒட்டிய இரண்டு பேர் அன்று செத்தார்கள். காஸ்னேர் இருந்த சுருள்களைச் சுருட்டிக்கொண்டு மொன்ரியால் போய்ச் சேர்ந்தார்.

இஸ்மானிக்கு அதற்குப் பிறகுதான் தூக்கம் போனது. அந்த அடி எதற்கு? காப்பாற்றவா, இல்லை, பழைய ஆட்சியை எதிர்த்த வாத்தியார்மேல் இருந்த வெறியா? மலைக்குச் சோறு கொண்டுபோன நாளெல்லாம் தம்பியிடம் கேட்டாள். அவன், அந்த அடி இல்லையென்றால் நான் அங்கேயே விழுந்திருப்பேன், விடு என்பான். அவளால் விட முடியவில்லை. அடிக்கும்போது மெஸிதோர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததை அவள் கடைக்கண்ணால் பார்த்திருந்தாள். முதுகில் மருந்து தடவும்போது அந்தத் தழும்பு விரலில் தட்டும். நாவிதர் கடை வழியாகப் போகாமல் சந்தைக்குச் சுற்றிப் போனாள். கேட்டுவிடலாம் என்று நாலு தரம் கிளம்பி, பாதி வழியில் திரும்பினாள்.

அடுத்த வருஷம் செப்டம்பரில் ஆட்சி மறுபடி கவிழ்ந்தது. சிப்பாய்களே தங்கள் மேலதிகாரிகளுக்கு எதிராகத் திரும்பினார்கள். ஜனங்கள் மறுபடி தெருவில். பழைய மக்கூத்களை வேரோடு பிடுங்குகிறோம் என்று கழுத்தில் மாட்டிக் கொளுத்த டயரும் பெட்ரோலுமாகக் கிளம்பிய கூட்டம் மெஸிதோரின் கடைக்கு வந்தது. அவரை நாற்காலியோடு தெருவில் இழுத்துப் போட்டார்கள். மக்கூத் என்றது ஒரு குரல். நாவிதர்தானே என்றது இன்னொன்று. அப்போது யாரோ, வாத்தியாரோட அக்காவைக் கேளுங்க, அவ தம்பியைத்தான் இவன் அடிச்சான் என்றார்கள்.

கூட்டம் விலகி வழிவிட்டது. இஸ்மானி கையில் ஜல்லிக்கரண்டியோடு வந்து நின்றாள். மெஸிதோரின் கண்ணாடி கீழே உடைந்து கிடந்தது. முதல் தடவையாக அவர் கண்ணைப் பார்த்தாள். சின்னக் கண்கள், வயதான கண்கள். அதில் அவளுக்கு வேண்டிய பதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

"அடிச்சாரா இல்லையா? சொல்லுக்கா," என்றான் டயர் பிடித்திருந்தவன். அவளிடம் நாள்தோறும் வாழைக்காய் வாங்கித் தின்கிறவன்.

"அடிச்சாரு," என்றாள். கூட்டம் ஒரு உறுமல் உறுமியது. அவள் குரலை உயர்த்தவில்லை. "பாலத்துல எல்லார் உயிரும் இந்த ஆளு நாக்குல இருந்துச்சு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க அத்தனை பேரும் ஆத்துல மிதந்திருப்போம். சொல்லல. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். மத்தது தெரிஞ்சவங்க யாராவது இருந்தா இப்ப சொல்லுங்க."

யாரும் சொல்லவில்லை. டயர் பிடித்தவன் அதை உருட்டிக்கொண்டு வேறு தெருவுக்குப் போனான். கூட்டமும் அவன் பின்னால் போயிற்று.

மறுநாள் மெஸிதோர் பெட்டியோடு பஸ் முனைக்கு வந்தார். ஊரைவிட்டுப் போகிறார் என்று பார்த்ததுமே தெரிந்தது. வாணலிக்கு முன்னால் நின்றார். இஸ்மானி வாழைக்காயை அழுத்திக்கொண்டே, நிமிராமல், கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டாள்.

"எதுக்கண்ணே அடிச்சீங்க?"

அவர் பெட்டியைக் கீழே வைத்தார்.

"அவன் நிமிரணும்னு அடிச்சேன்னு சொல்லத்தான் ஆசை. எனக்கே தெரியலம்மா. பழகின கை. அது என்னைக் கேக்காம போயிடுச்சு."

பழகின கை என்ற வார்த்தை அவளுக்கு உறைத்தது. அப்படியானால் ஊர் பேசியதில் பாதியாவது உண்மை. நேற்று அவள் காப்பாற்றியது அந்தக் கையைத்தான். எண்ணெய் புகைய ஆரம்பித்தது. அவள் வாழைக்காயை எடுத்தாள், காகிதத்தில் வைத்தாள், ஊறுகாய் வைத்தாள், அவரிடம் நீட்டினாள். ஏன் கொடுத்தாள் என்று பிறகு மதாம் ஒரெஸ்தில் கேட்டதற்கு, கை நீட்டிட்டேன், அப்புறம் எப்படி இழுக்கிறது என்றாள். மெஸிதோர் பஸ் ஏறினார். அவரைப் பற்றி அப்புறம் சேதி இல்லை.

படம் ரொம்ப நாள் வெளிவரவில்லை. பாலத்துக் காட்சியைப் பார்த்தால் யார் யார் என்று தெரிந்துவிடும் என்று காஸ்னேர் பெட்டியிலேயே வைத்திருந்தார். பிற்பாடு மொன்ரியாலில் இரண்டு தியேட்டரில் சில நாள் ஓடியதாம், கடிக்கவே கடிக்காத ஜோம்பிகளா என்று பார்த்தவர்கள் கொட்டாவி விட்டார்களாம். ஜனங்கள் தேர்ந்தெடுத்த ஆட்சி வந்து ஊரே வெள்ளையடித்துக்கொண்டிருந்த பிப்ரவரியில் அவர் அதைக் கொண்டுவந்து மாதா கோயில் சுவரில் காட்டினார். தங்கள் பிண முகங்களைப் பார்த்து ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. பாலம் வந்ததும் சத்தம் அடங்கியது. இதற்குள் மலையிலிருந்து இறங்கிக் குடும்பஸ்தனாகியிருந்த ஃபெனெலோன் மகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். அதில் நீ யாருப்பா என்று குழந்தை கேட்டதற்கு அவனாலேயே காட்ட முடியவில்லை. ஆற்றங்கரையிலிருந்து தூரமாக எடுத்தது, எல்லா முகமும் ஒரே வெள்ளை.

இஸ்மானி உட்காரவில்லை. கூட்டத்துக்குப் பின்னால் வறுத்த கடலை விற்றுக்கொண்டு நடந்தாள். படம் முடிந்ததும் காஸ்னேர் அவளைத் தேடி வந்து, இன்னொரு படம் எடுக்கப்போவதாகவும் அவள் கட்டாயம் வரவேண்டும் என்றும் சொன்னார்.

"பேசுற வேஷமா இருந்தா வரேன் மிஸ்யே," என்றாள். "நடை போதும்."

அவர் சரி என்றார். ஆனால் அந்த வருஷ செப்டம்பரில் மறுபடி துப்பாக்கிகள் வந்தன, காஸ்னேர் மறுபடி விமானம் ஏறினார், இரண்டாவது படம் எடுக்கப்படவே இல்லை. ஃபெனெலோன் குடும்பத்தோடு படகில் குவாதலூப் தீவுக்குப் போய்ச் சேர்ந்தான். அக்காவையும் கூப்பிட்டான். அவள் துறைவரை வந்து, அவன் மகளை ஏற்றிவிட்டு, அடுப்பில் எண்ணெய் இருக்கிறது என்று சொல்லித் திரும்பி நடந்தாள்.